பழகாத செவியும் பழக்கும் வைத்தியமும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்க்கும் தாயார் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “என் மகனுக்கு ஏழு வயது. மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஆட்டிசமாக இருக்கலாம், காட்டிப் பாருங்கள் என்று டீச்சர் சொல்கிறார். நரம்பியல் பன்மையை ஏற்கும் சிகிச்சை என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றனவே, அங்கே அழைத்துப் போனால் பையன் சரியாகிவிடுவானா?”

ஆட்டிசத்தை அகற்றும் மருந்து எதுவும் இன்று உலகில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், இருப்பதாகச் சொல்லி வியாபாரம் செய்பவர்களுக்குக் குறைவில்லை. ஸ்டெம் செல் ஏற்றினால் போய்விடும் என்று பெற்றோரை நம்பவைக்கும் கூட்டம் பெருகியதன் விளைவாக, அதனை ஆட்டிசத்துக்குரிய சிகிச்சையாகச் சிபாரிசு செய்ய இயலாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே அறிவிக்க நேர்ந்தது. தாயார் விளம்பரத்தில் கண்ட விஷயம் அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று. சிலருடைய மூளை பெரும்பாலோருடைய மூளையிலிருந்து சுபாவத்திலேயே வேறு விதமாக இயங்குகிறது, அந்த வேற்றுமையை அழிக்க முயலாமல் அதனால் விளையும் கஷ்டத்தைக் குறைப்பதே மனோதத்துவ நிபுணரின் கடமை என்பது அதன் சித்தாந்தம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இனிமையான சித்தாந்தத்தைப் பெயர்ப்பலகையில் எழுதிவைக்கப் பெயின்ட் செலவு மட்டுமே ஆகும் என்பதால், அதற்குள் விஞ்ஞானம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது அவசியமாகிறது. அதைப் பார்க்க அந்தப் பையனை அழவைக்கும் மிக்ஸியே போதும்.

சென்னையிலிருந்து வரும் ரயில் ஆம்பூரை நெருங்கும்போது, தோல் ஊறும் வாடை தாங்காமல் வெளியூர்ப் பிரயாணி மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் உள்ளூர்க்காரரோ, எந்த வாடையைச் சொல்கிறார் என்று விளங்காமல் விழிக்கிறார். பழகிவிட்டது என்று சொல்லி நாம் மேலே போய்விடுகிறோம். பழகுதல் என்னும் அந்தக் காரியத்தை மூளை எவ்வாறு செய்கிறது என்று சற்று நின்று பார்த்தால், அன்றாட வாழ்வில் அதனினும் பெரிய அதிசயம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

புலன் களைத்துப்போவதுதான் பழக்கம் என்று எண்ணத் தோன்றும். மூக்கின் அணுக்கள் ஓரளவு களைப்பதும் உண்மையே. ஆயினும், களைப்பு மட்டும் காரணமன்று என்பதைச் சோவியத் விஞ்ஞானி எவ்கேனி சொகலோவ் எளிய பரிசோதனையால் காட்டினார். ஒரே சப்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், முதலில் திடுக்கிட்டவர் சில முறைகளுக்குப் பின் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அந்த வேளையில் சப்தத்தைக் கூட்டாமல் குறைத்துப் பார்த்தார்கள். களைத்த செவியானால் குறைந்த சப்தம் அதற்கு இன்னும் எட்டாமல் போயிருக்கவேண்டும். மாறாக, கேட்டவருடைய கவனம் மறுபடியும் விழித்துக்கொண்டது! பொருட்படுத்துவதை விட்டுவிட்ட மூளை, கேட்பதை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டு, தான் குறித்து வைத்திருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டு, ஒத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கிறது.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று தெருவில் போகிற ஒவ்வொருவரையும் அவள் உள்ளே கூவி அறிவிக்கிறாள்: பால்காரன் வருகிறான், தண்ணீர் வண்டி வருகிறது, யாரோ ஒருத்தி குடத்தோடு போகிறாள். சில நாட்களில் குரல் அடங்கிவிடுகிறது. ஆனால், பால்காரன் ஒரு நாள் வராவிட்டால் முதலில் கேட்பவள் அவளே. சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளில் வந்தானானால் அதற்கும் அறிவிப்பு உண்டு. தெருவைப் பார்ப்பதை ஒரு கணமும் நிறுத்தாமல், எதிர்பார்த்தபடி நடப்பவற்றைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு, எதிர்பாராதவற்றை மட்டுமே அவள் வீட்டுக்குள் அனுப்புகிறாள். அடுத்த வீட்டுத் திண்ணையில் வேறொரு கிழவி. பால்காரனை ஆயிரம் முறை பார்த்த பின்னும், அன்றுதான் கண்டவள் போல இவள் கூவுகிறாள். உள்ளே உலை கொதிப்பதைக் கவனிக்க ஆளில்லை, பையனுக்குப் பாடம் ஏறவில்லை, மருமகளுக்குத் தலைவலி. வாயைக் கட்டிவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். கட்டினால் கூவல் நிற்கும், பதைப்பு நிற்குமா? திண்ணைக்கு ஒரு தட்டி கட்டலாமே என்கிறார் இன்னொருவர். பால்காரனை மெதுவாக மணி அடிக்கச் சொன்னால் என்ன என்கிறார் மூன்றாமவர். எதிர் வீட்டுக் கூரையில் ஓடு நழுவியதை ஊரில் யாரும் காணாதபோது இவளன்றோ கண்டு சொன்னாள் என்று நாலாமவர் வாதாடுகிறார். இதற்கு மேலும் வேலை வாங்கினால் கிழவி எழுந்து போய்விடுவாள். ஆகையால் ஆராய்ச்சிக்கு வருவோம்.

ஷுலமைட் கிரீன் என்னும் ஆராய்ச்சியாளரும் சகாக்களும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செய்த ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள இளையோர் 19 பேரையும் இல்லாதவர் 19 பேரையும் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, காதில் இரைச்சலும் தோலில் சொரசொரப்பான துணியின் உரசலுமாக மாற்றி மாற்றிக் கொடுத்து, ஆபத்தைக் கணக்கிடும் அமிக்டலா என்ற பகுதியைக் கவனித்தார்கள். மற்றவர்களிடம் சிறிது நேரத்தில் அடங்கிய எழுச்சி, சப்தத்துக்கும் தொடுகைக்கும் பெரிதும் துன்புறுவதாகப் பெற்றோர் கூறியிருந்த பிள்ளைகளிடம் அவ்வாறு அடங்கவில்லை. ஆட்டிசம் இருந்தும் அத்துன்பம் இல்லாத பிள்ளைகளுடைய மூளையோ பழகிக்கொண்டது. முப்பத்தெட்டுப் பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுதிவிட முடியாது. ஆயினும், ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் பழகும் திறன் பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதிலிருந்து சிகிச்சைக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. நாய்க்கும் இருட்டுக்கும் அஞ்சும் குழந்தையைச் சிறிது சிறிதாகப் பழக்குவது நற்பயன் தரும் முறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், பழகும் சக்தியே மந்தமாக இருக்கும் பிள்ளையை, பழகிவிடும் என்ற நம்பிக்கையில் மணிக்கு அடியில் நிறுத்திவைப்பது, இல்லாத சக்தியை நம்பிக் காரியத்தில் இறங்குவதாகும். அழாமலிருந்தால் மிட்டாய் என்று நிர்ப்பந்தித்தால் அழுகை அடங்கலாம். உள்ளே எழும் பதைப்பு அடங்கியதற்கு அது அத்தாட்சி ஆகாது. அவ்வாறு அடக்கி அடக்கியே நடுவயதை எட்டியவர்கள், தம் குழந்தையைக் காட்டப் போன இடத்தில் நிபுணர் கேட்கும் கேள்வியெல்லாம் தம்மைப் பற்றியே கேட்கப்படுவதாக உணர்ந்து, தமக்கும் மதிப்பீடு வேண்டுமென்று கேட்பது இக்காலத்தில் சாதாரணமாகி வருகிறது.

சரித்திரம் வேண்டுவோருக்கு ஒரு பத்தி. 1943-இல் லியோ கானர் அமெரிக்காவிலும், 1944-இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவிலும் இத்தகைய குழந்தைகளை வர்ணித்தார்கள். 1920-களிலேயே மாஸ்கோவில் வர்ணித்த குருன்யா சுகரேவா அம்மையாரை உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. அன்பு காட்டாத தாய்மாரே காரணம் என்று இடையில் வைத்தியர்கள் சுமத்திய பழி பிற்பாடு பொய்யாயிற்று. 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தாமே பேசத் தொடங்கினார்கள். நரம்பியல் பன்மை என்ற கருத்து அவர்களிடையே பிறந்ததேயன்றி ஆஸ்பத்திரிகளில் பிறந்ததன்று.

அக்கருத்தின் ஆதரவாளர்களும் உற்சாக மிகுதியால் எல்லை தாண்டுவது உண்டு. 72 பேரை எட்டெட்டுப் பேராக நிறுத்தி, ஒரு கதையை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லி அனுப்பச் செய்த பரிசோதனை 2020-இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே நின்ற வரிசையில் கதை மற்றவர் வரிசைக்குக் குறையாமல் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. குறை ஒரு சாராரிடம் இல்லை, இருவருக்கும் நடுவிலேதான் என்று பலர் கொண்டாடினார்கள். முதல் பரிசோதனையை நடத்திய கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 311 பேரை வைத்து மறுபடியும் செய்து 2025-இல் வெளியிட்டபோது, கதை போய்ச் சேருவதில் அந்த வேற்றுமை தென்படவில்லை. தம் புகழ்பெற்ற முடிவைத் தாமே மறுத்து அச்சிட்டது விஞ்ஞானத்துக்குப் பெருமை; அதன் பேரில் மேடை கட்டியவர்களுக்குத்தான் சங்கடம். மேலும், பேச்சே வராமல், ஆயுள் முழுவதும் துணை வேண்டியிருக்கும் பிள்ளையைப் பெற்றவரிடம் போய், இது வெறும் வேற்றுமைதான் என்று உபதேசிப்பது, அவருடைய பிரத்யட்ச அனுபவத்தை மறுப்பதாகும்.

மதிப்பீடு என்பதும் மர்மமானதன்று. ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. பிள்ளையைப் பார்ப்பதும் பெற்றோரைக் கேட்பதுமே வழி. 2009-இல் வெளிவந்த இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐ எட்டினால் ஆட்டிசம். 69 பெற்ற பிள்ளைக்கும் 71 பெற்ற பிள்ளைக்கும் இயற்கை சுவர் எழுப்பி வைத்திருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி சலுகைகள் பெறச் சான்றிதழும், சான்றிதழுக்கு ஓர் எண்ணும் தேவைப்படுகின்றன, அவ்வளவே. எந்தச் சப்தம், எந்த வேளை, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதும் நிபுணரே பிள்ளைக்கு உபயோகமான மதிப்பீட்டைத் தருபவர்.

இவ்விஷயத்தில், ஆம்பூர் இருக்கும் வேலூர் வட்டாரத்துக்கு அயலூர் விளம்பரத்திடம் கற்கவேண்டியது அதிகமில்லை. பாகாயத்தில் 1957-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை செய்த ஸ்தாபனம். குழந்தைகளுக்கென்று நம்பிக்கை நிலையம் என்ற பிரிவும் அங்கே உண்டு. அக்கல்லூரியின் ரஸ்ஸலும் சகாக்களும், ஆட்டிசமன்று, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து வாரங்கள், ஒரு சாராருக்குப் பிரசங்கமும் மறு சாராருக்குத் தமக்குள் கலந்து பேசும் கூட்டமும் நடத்தி, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். கலந்து பேசியவர்களிடம் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய நோக்கும் குறைபாட்டைப் பற்றிய அறிவும் மேம்பட்டன; ஆனால், குறைபாட்டின்மீதே அவர்கள் கொண்டிருந்த மனோபாவம் மட்டும் அசையவில்லை. பெயர்ப்பலகைகள் ஒரே வரியில் வாக்களிக்கும் மாற்றம் எதுவோ, அதுவே பத்து வாரத்திலும் கைகூடாததாக இருந்திருக்கிறது.

ஆகவே, அந்தத் தாயார் பிள்ளையைக் காட்டத்தான் வேண்டும். சப்தத்துக்கு அஞ்சுவது ஒன்றே ஆட்டிசமாகிவிடாது என்பதால் காதையும் சோதிக்கவேண்டும். மிக்ஸி போடுமுன் சொல்லிவிட்டுப் போடலாம். சுவிட்சை அவன் கையாலேயே போடச் செய்தும் பார்க்கலாம், ஏனெனில் தானே உண்டாக்கும் சப்தத்தை மூளை பொதுவாக முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது. நிபுணர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று விசாரித்தபின், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: என் மகனைத் தவிர வேறு எதையெல்லாம் மாற்றச் சொல்கிறீர்கள்? பள்ளிக்கூட மணி, அவன் உட்காரும் இடம், வீட்டின் வழக்கங்கள் என்று பதில் வருமானால், பலகையில் எந்தச் சொல் எழுதியிருந்தாலும் அங்கே போகலாம். பதில் வாராமல் கட்டண அட்டவணை மட்டும் வருமானால், சம்பளத்தை இழந்து லீவு போட்ட அந்த ஒரு நாளோடு நஷ்டத்தை நிறுத்திக்கொள்வது உத்தமம்.