துணி வாங்குவோரும் விற்போரும்

உண்டியும் உறையுளும் போல உடையும் மக்கட்கு இன்றியமையாதது. உண்டியை நம் வீட்டிலேயே ஆக்கிக்கொள்கின்றோம்; உடைக்கோ பெரும்பாலாரும் கடையையே நாடவேண்டியவராயிருக்கின்றோம். அக்கடையில் நம்மை நடத்தவேண்டிய முறை யாது? நாம் ஏமாறினால் நமக்குள்ள உரிமை யாது? அங்கே நமக்குப் பணிசெய்வோர் நிலை யாது? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். இவை மூன்றாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றே என்பது என் துணிபு. அத்துணிபு எனக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் இடையே கூறுவேன்.

துணி வாணிகம் தமிழர்க்குப் புதியதன்று. அறுவை என்பது துணியைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்று. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் பெயர் பெற்றிருத்தலால், துணி விற்ற கையே பாட்டும் எழுதிற்று என்று அறிகின்றோம். மதுரை மாநகரின் தெருக்களைக் காட்டுமிடத்துச் சிலப்பதிகாரம் அறுவை வீதியையும் மறவாது காட்டுகின்றது. திருவள்ளுவர் வாணிகத்தைப் பொருள் ஈட்டும் பகுதியில் வைத்துப் பேசாமல், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துப் பேசினார். வாணிகம் என்பது முதற்கண் ஒரு நீதி. ஊதியம் அதன் பின்னது என்பது அவர் கருத்துப்போலும்.

நிற்க. நம் நாட்டுக் கடைகளில் நெடுங்காலம் பேரமே வழக்காயிருந்தது. வாயுள்ளவனுக்கு ஒரு விலை, வாயில்லாதவனுக்கு ஒரு விலை. பிற நாடுகளிலும் இதுவே நிலை. பாரிஸ் நகரில் 1852-ஆம் ஆண்டில் ‘போன் மார்ஷே’ என்னும் கடையின் பொறுப்பிற் பங்குகொண்ட அரிஸ்தீது பூசிக்கோ என்பவர் இவ்வழக்கை மாற்ற முற்பட்டார். ஒவ்வொரு துணியின்மேலும் அதன் விலையை எழுதி வைத்தார். வாங்கும் எண்ணம் இல்லாதவரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார். பிடிக்காத பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இசைந்தார். இன்று நாம் பெருங்கடைகளில் காணும் முறைகள் பல இவ்வாறு பரவியவையே. ஆயினும் அத்தகைய பெருங்கடைகளின் பளபளப்புக்குப் பின்னே நின்ற சிப்பந்திகளின் துன்பத்தை, எமிலி சோலா என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1883-இல் ஒரு நாவலாகவே எழுதினார். வாங்குவோர்க்கு வசதி பெருகப் பெருக, விற்போர்க்கு வருத்தம் பெருகலாகாது என்னும் பாடம் அன்றே தோன்றிவிட்டது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். என் ஊர் திருநின்றவூர். எங்களூரார் பண்டிகைக்குத் துணி எடுக்கவேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊர்க் கடையிலேயே வாங்குதல். மற்றொன்று, மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் வேறு வண்டி பிடித்து, மாம்பலத்தில் இறங்கித் தியாகராய நகரின் கூட்டத்தில் கலந்துவிடுதல். 1928-இல் நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுக்கடை தொடங்கிய அந்நகர், இன்று தென்னாட்டுத் துணி வாணிகத்திற்கே தலைநகர் போன்றுள்ளது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு என் அன்னையாரும் யானும் சென்னையில் ஒரு பெரிய கடைக்குச் சென்றோம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. என் வயதே இருக்கும் ஒரு பெண் எங்கள் முன் முப்பது சேலைகளையேனும் பிரித்துக் காட்டினாள். முகத்தில் சிறிதும் சுளிப்பில்லை. அன்னையார் சந்தன நிற உடலும் சிவப்புக் கரையும் உள்ள ஒரு பருத்திச் சேலையை எடுத்து, “சாயம் போகுமா அம்மா?” என்று வினவினார். அப்பெண் சற்றுத் தொலைவில் நின்ற மேற்பார்வையாளரை ஒருமுறை நோக்கினாள். பின், “போகாது அம்மா” என்றாள். விலை 1,850 ரூபாய்.

முதற் சலவையிலேயே கரையின் சிவப்பு உடல் முழுவதும் இறங்கிவிட்டது. நான்கு நாட்களுக்குள் ரசீதோடு மீண்டும் சென்றோம். அப்பெண்ணைக் கண்டதும், “பொய் சொல்லித்தானே விற்றாய்?” என்று யான் உரக்கக் கேட்டுவிட்டேன். பணம் பெறுமிடத்தில் இருந்தவரோ, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தார். எங்கள் குரல் உயரவே, மேற்பார்வையாளர் வந்தார். அவர் எங்களுக்கு ஒரு மொழியும் கூறவில்லை. அப்பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கடிந்து, சேலையின் விலை அவள் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றார். “அவள் சம்பளத்திலிருந்து வரும் பணம் எனக்கு வேண்டா” என்று கூறி அன்னையார் வெளியேறினார்.

படிக்கட்டு வரை அப்பெண் உடன்வந்தாள். “மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. சாயம் போகும் என்று சொன்னால் விற்பனை குறையும், குறைந்தால் அதற்கும் திட்டு” என்றாள். காலை ஒன்பது மணி முதல் நிற்பதாகவும், உட்காரக் கண்டால் அபராதம் உண்டென்றும் கூறினாள். அப்போதுதான் அவள் கால் மாற்றி மாற்றி நிற்பதை யான் கண்டேன். சற்றுமுன் அவளிடம் நான் பேசிய பேச்சு என்னைச் சுட்டது.

இதனோடு ஒப்பிடற்குரிய கடையொன்று எங்களூரிலேயே உண்டு. பத்தடி அகலமே உள்ள கடை. முதியவர் ஒருவரும் அவர்க்கு உதவியாக ஒரு பெண்ணும் இருப்பர். ஒருமுறை அன்னையார் ரவிக்கைத் துணி கேட்டபோது, “அம்மா, இதை அப்படியே தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தியபின் கொடுங்கள், இல்லாவிட்டால் சுருங்கும்” என்றார் முதியவர். வேறொரு துணியைக் கையில் எடுத்தபோது, “இந்தச் சிவப்பை நம்ப முடியாது, தனியாகத் துவையுங்கள்” என்றார். விற்பவரே தம் பண்டத்தின் குறையைக் கூறியதால் அன்னையார் ஓடிவிடவில்லை. ஐந்து ஆண்டுகளாக அங்கேயே வாங்குகின்றார். அக்கடையில் வந்தவர்க்கு ஒரு முக்காலி உண்டு. உள்ளே அப்பெண்ணுக்கும் ஒரு பலகை உண்டு.

முதியவர் கூறியது வெறும் அனுபவ மொழியன்று. தறியிலும் அதன்பின் செய்யும் மெருகுவேலையிலும் பருத்தி நூல் இழுத்துப் பிடிக்கப்படுகின்றது. நீரில் நனைந்தவுடன் அவ்விழுப்பு நீங்கி நூல் தன் இயல்பான நிலைக்கு மீள்வதால் துணி சுருங்குகின்றது. நூலோடு நன்கு பிணையாமல் மேலே தங்கிய சாயம் சலவையில் கரைந்து, அருகிலுள்ள வெளிர்நிறப் பகுதியில் ஏறுகின்றது. இவற்றை அறிந்த கடைக்காரர் வாங்குவோர்க்கு உரைப்பதைவிடச் சிறந்த உபசாரம் வேறில்லை. குளிர்ந்த காற்றும், பன்னீர்த் தெளிப்பும், இனிய பானமும் உபசாரமே. ஆயினும் அவை உண்மைக்கு ஈடாகா.

இவ்விடத்துச் சட்டம் கூறுவதையும் மாணவர் அறிதல் நன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வாணிகம் என்று அச்சட்டம் கூறுகின்றது. ரசீது கொடாமையும் அவ்வாறே. ஆகவே ரசீதின் அடியில் அச்சிட்ட ஒரு வரி, குறையுள்ள பொருளைப் பொறுத்தவரையில் நம் உரிமையைத் துடைத்துவிடாது. முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம். அதனாலும் தீராவிடில், நாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கடை வேறிடத்தில் இருத்தல் தடையன்று. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. இணையவழியில் துணி விற்போரும், 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீடு பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு ஒரு திங்களுக்குள் தீர்த்தல் வேண்டும்.

ஆனால் பொருள் பிடிக்கவில்லை என்பதும், பொருளில் குறையுண்டு என்பதும் ஒன்றல்ல. நிறம் அலுத்துவிட்டதென்று மாற்றித் தரும்படி கேட்பது கடையின் இசைவைப் பொறுத்தது, சட்டத்தின் கட்டளையன்று.

வாங்குவோர்க்குள்ள உரிமை இவ்வாறாக, விற்போர்க்குள்ள உரிமை யாது? நெடுநேரம் அசையாது நிற்பவர்க்குக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரியாமையால், காலின் குருதி மேலேறுவது தளர்கின்றது. வீக்கமும் வலியும், நாளடைவில் நரம்பு சுருண்டு புடைத்தலும் உண்டாகின்றன. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடைகளில் வேலைசெய்யும் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். நம் நாட்டில் கேரளம் 2018-இல் இவ்வுரிமையை அளித்தது. கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் துணிக்கடைப் பெண்களே போராடிப் பெற்ற உரிமை அது. தமிழ்நாட்டில், ரங்கநாதன் தெருக் கடைச் சிப்பந்திகளின் வாழ்வை 2010-இல் ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் பலர் கண்முன் நிறுத்திற்று. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கடையிலும் பணியாளர் எல்லார்க்கும் தக்க இருக்கை வேண்டும் என்று விதித்தது. ஆயினும் ஏட்டிலுள்ள நாற்காலி எல்லாக் கடைகளிலும் தரைக்கு வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

முன்கூறிய இரு கடைகளையும் மீண்டும் ஒப்பிடுக. ஊர்க் கடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். உண்மை பேசவும் அவளுக்கு அச்சமில்லை. பெருங்கடைப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். பொய் சொல்லவும் வேண்டியதாயிற்று. அவள் புன்னகை எங்களுக்காக அன்று, மேற்பார்வையாளருக்காக. தன் சிப்பந்தியை மதியாத கடை, தன்னிடம் வருவோரையும் நெடுநாள் மதியாது.

நம்மீதும் கடமை உண்டு. வாங்கும் கருத்தின்றி நாற்பது மடிப்புகளைக் கலைக்கச் செய்தல், கடை மூடும் நேரத்தில் நுழைந்து மேல்தட்டுத் துணியைக் கேட்டல், உடுத்திய ஆடையை உடுத்தாததெனத் திருப்பிக் கொடுத்தல், கைப்பேசியில் பேசிக்கொண்டே விரலால் ஏவுதல் ஆகியவை கற்றோர்க்கு அழகல்ல. உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியைக் கண்டு, ‘எழுந்திராத கடை’ என்று முகம் சுளிப்போர் நம்முள்ளும் உளர். அவரை மகிழ்விக்கவே பல முதலாளிகள் நாற்காலியை அகற்றுகின்றனர்.

எங்கள் சேலை என்னாயிற்று என்று அன்பர்கள் வினவலாம். சட்டத்தை அறிந்தபின் யான் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பணத்தைக் கடையே தரவேண்டும், அப்பெண்ணிடம் பிடித்தலாகாது என்று அன்னையார் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று வாரங்களில் 1,850 ரூபாயும் வந்தது. அப்பெண்ணிடம் அதனைக் கூறி, அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அடுத்த திங்களில் சென்றேன். அவள் அங்கில்லை. வேலையை விட்டாளோ, விடச் செய்யப்பட்டாளோ, கேட்டவர் எவரும் விடை கூறவில்லை. அவள் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

திரு வந்து நின்ற ஊர் என்பதே எங்களூர்ப் பெயரின் பொருள் என்று பெரியோர் கூறுவர். திரு நிற்கலாம், அவளுக்கு அது பெருமை. பணிசெய்வோர் பகல் முழுதும் நிற்றல் எவர்க்கும் பெருமையன்று. ஆதலின் நண்பர்காள், அடுத்த முறை துணி எடுக்கச் செல்லும்போது விலைச்சீட்டைப் பார்க்குமுன், அங்கே பணிசெய்வோர்க்கு இருக்கை உண்டா என்று பாருங்கள். இல்லையாயின், ஏன் இல்லை என்று முதலாளியைப் பணிவுடன் கேளுங்கள்.