நாக்கு நுனியில் நிற்கிற வார்த்தை!

லீவு விட்டாச்சு. பேரன் பேத்திகள் ஸ்க்ராபிள் அட்டையை விரித்து உங்களையும் ஆட்டத்துக்கு இழுக்கிறார்கள். கையில் ஏழு எழுத்து. ‘தெரிஞ்ச வார்த்தைதான், வர மாட்டேங்குதே!’ என்று நெற்றியைத் தேய்க்கிறீர்கள். பேத்தி பட்டென்று சொல்லிவிடுகிறாள். உடனே உங்களுக்குள் ஒரு பயம்: ‘மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சோ?’

அறுபது தாண்டிய பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சில சமயம் கட்டாயம் பயப்பட வேண்டும். எது எப்போது என்று பார்ப்போம்.

ஏன் வர மாட்டேங்குது?

நம் மூளை வார்த்தைகளை முதல் ஒலியை வைத்தும் பொருளை வைத்தும்தான் சுலபமாகத் தேடி எடுக்கும். ‘மூன்றாவது எழுத்து கே வருகிற ஆங்கில வார்த்தை சொல்லு’ என்றால் திணறும். கேக், பைக், லேக், ஜோக் என்று தினமும் நம் வாயில் புரள்கிற வார்த்தைகளில் எல்லாம் கே மூன்றாவது எழுத்துதான். ஆனாலும் முதலில் ஞாபகம் வருவது கிங், கிச்சன், கீ!

டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1973-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கே, எல், என், ஆர், வி ஆகிய ஐந்து எழுத்துகளும் ஆங்கிலத்தில் முதலிடத்தைவிட மூன்றாவது இடத்தில்தான் அதிகம் வரும். கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலைகீழாகச் சொன்னார்கள். எனவே இந்தத் தடுமாற்றம் வயதின் கோளாறு அல்ல, மூளையின் சுபாவம். வயது ஏற ஏறத் தேடும் வேகம் குறையும், அவ்வளவுதான். யாராவது சொன்னதும் ‘அட, இதுதானே!’ என்று தோன்றினால் வார்த்தை பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது.

தேடுவதற்கு வழி

ஸ்க்ராபிளை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களில் வேலையில்லாமல் இருந்தபோது, செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து மதிப்பெண் போட்டார். அடிக்கடி வரும் ஈ எழுத்துக்கு 12 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே மதிப்பெண். அபூர்வமான க்யூ, இஸட் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டைதான், மதிப்பெண் 10.

எழுத்துகளை வரிசையாக வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தால் ஒன்றும் வராது. இடம் மாற்றி மாற்றி அடுக்குங்கள். வார்த்தையின் வால் ஆகக்கூடியதை (ஐ-என்-ஜி, ஈ-டி, ஈ-ஆர்) முதலில் ஓரமாக ஒதுக்குங்கள். தலை ஆகக்கூடியதை (ஆர்-ஈ, யு-என்) இன்னொரு ஓரத்தில் வையுங்கள். நடுவில் மிச்சம் இருப்பது சிறியதாகிவிடும், தேடல் சுலபமாகிவிடும். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழு எழுத்தை இப்படிக் கலைத்துப் பாருங்கள். ரீடெயின்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர் என்று மூன்று வார்த்தைகளாவது கிடைக்கும். ஏழையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 மதிப்பெண் கூடுதல்!

டாக்டர்களும் இதைக் கேட்கிறார்கள்

வார்த்தை தேடுவது வெறும் விளையாட்டு இல்லை. ‘எஃப்-பில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு நிமிஷம் சொல்லுங்கள்’ என்று மூளை நரம்பு மருத்துவர்கள் கேட்பார்கள். ஊர் பேர், ஆள் பேர் சொல்லக் கூடாது. 2005-ல் வெளிவந்த மான்ட்ரியல் பரிசோதனையில் 11 வார்த்தையோ அதற்கு மேலோ வந்தால் ஒரு மதிப்பெண். எழுத்தை வைத்துத் தேட மூளையின் முன்பகுதி அதிகம் உழைக்கிறது. ‘மிருகங்களின் பெயர் சொல்லுங்கள்’ என்றால் பக்கவாட்டுப் பகுதிக்கு வேலை அதிகம்.

ஒரு எச்சரிக்கை: தமிழ் மீடியத்தில் படித்த அம்மாவிடம் எஃப் வார்த்தை கேட்டு, ஐந்துதான் வந்தது என்று பயமுறுத்தாதீர்கள். அவர் பேசும் மொழியில்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து யாருக்கும் வியாதிப் பட்டம் கட்டவும் கூடாது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

வார்த்தை மறப்பது மாதத்துக்கு மாதம் கூடுகிறதா? ‘கரண்டி’ என்பதற்குப் பதில் ‘அது... அந்த இது...’ என்கிறாரா? சொன்ன பிறகும் அந்த வார்த்தை அவருக்குப் பிடிபடவில்லையா? பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கிறாரா? உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம் இவையெல்லாம்கூட மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சுத்த சைவக் குடும்பங்கள் பி12-ஐ அவசியம் பார்க்க வேண்டும்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வார்த்தை குழறினால் அது மறதி இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை துவண்டு விழுந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் அடித்துச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் கஷாயம், லேகியம், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வல்லாரை சாப்பிட்டால் போதுமா?

வல்லாரையை நினைவாற்றலுக்கு நம் சித்த மருத்துவம் சொல்கிறது. துவையலாக அரைத்து அளவோடு சாப்பிடலாம். ஆனால் பயன்படுத்தாத மூளைக்கு எந்தக் கீரையும் வார்த்தையை ஊட்டிவிடாது. அமெரிக்காவில் லேசான ஞாபகக் குறைவு உள்ள 107 பேரை 78 வாரம் கவனித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் மூளை விளையாட்டு ஆடியவர்களைவிடக் குறுக்கெழுத்துப் போட்டவர்களின் நிலை மேலாக இருந்தது. இது மறதி நோயைத் தடுத்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். காது மந்தமானால் வெட்கப்படாமல் கருவி மாட்டிக்கொள்ளுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். சாயங்காலம் பேத்தியோடு ஒரு ஆட்டம் போடுங்கள். ‘காடமரான்’, ‘மல்லிகட்டானி’ இரண்டும் ஆங்கில அகராதியில் இருக்கின்றன. நம் கட்டுமரமும் மிளகுத்தண்ணியும்தான் அவை. அந்த வார்த்தைகள் மட்டும் பேத்திக்கு முன்னால் உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும்!