மூணு வேளையும் சோறு... அப்புறமும் 'பசி'யா? நெல் விளையும் வத்திராயிருப்பில் இருந்து ஒரு கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பு, விருதுநகர் மாவட்டத்தில் நெல்லுக்குப் பெயர்போன ஊர். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தண்ணீர் இருந்தால் வயலெல்லாம் பச்சைதான். இதுபோக ரேஷன் கடையில் அரிசி இலவசம். அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையிலும் சாப்பாடு. இப்படி ஒரு ஊரில் உலகப் பசியைப் பற்றிப் பேச என்ன இருக்கு?

இருக்கு. ஆனால் இந்தப் பசி வயிற்றில் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும்.

பசியை எப்படி கணக்கு போடுறாங்க?

2024-ல் உலகம் முழுக்க சுமார் 67 கோடி பேர் பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. உடம்பு இயங்கத் தேவையான கலோரி கிடைக்குதா, இல்லையா என்பதுதான் இதற்கு அளவுகோல். மூணு வேளையும் சோறு சாப்பிடுகிறவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். அதே அறிக்கை இன்னொரு எண்ணையும் தருகிறது: சத்தான உணவை வாங்க வசதி இல்லாதவர்கள் சுமார் 260 கோடி பேர். 67 கோடிக்கும் 260 கோடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நம்ம ஊர் பிரச்சினையும் இருக்கு. இதை 'மறைந்திருக்கும் பசி' என்கிறார்கள் நிபுணர்கள்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இந்திய சராசரி இதைவிட மோசம் என்பது உண்மைதான். அதுக்காக, பாதிக்கு மேல் என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்க முடியாது.

ரத்தசோகை இருக்கிற பிள்ளைக்கு வகுப்பில் கவனம் நிற்காது, 'மந்தம்' என்று பெயர் வாங்கும். வயல் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு சீக்கிரம் மூச்சு வாங்கும். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்குகிற சக்தி இருக்காது, குழந்தை எடை குறைவாகப் பிறக்கவும் வாய்ப்பு உண்டு.

சோற்றில் என்னதான் குறை?

வயது வந்த ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பது ஒரு மில்லிகிராம்கூட இல்லை, சுமார் 0.7 தான். 400 கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டாலும் 3 மில்லிகிராம் தேறாது. கம்பில் 100 கிராமுக்கே சுமார் 6 மில்லிகிராம் இருக்கு. மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் விளைந்த மாவட்டம் இது. அரிசிச் சோறு கௌரவம் ஆனபோது தட்டில் இருந்து அவை இறங்கிவிட்டன. (பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கேன்னு கேட்கலாம். பாலில் கால்சியம் நிறைய, இரும்பு ரொம்பக் குறைவு.)

ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா?

இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, மெஷினில் அரிசி வடிவத்தில் பிழிந்து காயவைத்த மணிகள் அவை. 100 கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் சாதா அரிசியோடு சேர்க்கிறார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்பது இதுதான். மத்திய அரசு 2018-ல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டில் இருந்து எடுத்தது விருதுநகரையும் ராமநாதபுரத்தையும். செறிவூட்டிய அரிசியை ரேஷனுக்குக் கொண்டுபோன 2022-ம் ஆண்டுக் கட்டத்தில் இந்த வகை மாவட்டங்களுக்குத்தான் முன்னுரிமை.

ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கணும் என்பது விதி. பிளாஸ்டிக் என்று நினைத்து அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்தால் சத்துதான் குப்பைக்குப் போகுது. அதேநேரம் இதை மாய மருந்தாக விற்பதும் சரியில்லை. ரத்தசோகையைக் குறைப்பதில் செறிவூட்டிய அரிசியால் பெரிய வித்தியாசம் இல்லாமலும் போகலாம் என்று 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. குடல்புழு, பி12 குறைபாடு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. தலசீமியா இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அரிசியை எடுக்கக் கூடாது.

தமிழ்நாடு வந்த வழி

வயிற்றுப் பசியைப் பொறுத்தவரை நாம ரொம்ப தூரம் வந்தாச்சு. விருதுநகர்க்காரரான காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். இந்த வரிசையில் என் பார்வையில் பெரிய திருப்பம் முட்டைதான். சோற்றோடு நிற்காமல் புரதமும் பள்ளிக்கூடத் தட்டுக்கு வந்தது அதில்தான்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன?

முருங்கைக்கீரை, கம்பங்கூழ், நிலக்கடலை எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும், குடல்புழு நீக்க மாத்திரையையும் பிள்ளைகள் முழுங்குறாங்களா, பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துடுறாங்களான்னு கேளுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனைக்குக் காசு கிடையாது.