டிரினிடாட் – டொபேகோவின் மக்கள்தொகையும் நகரங்களும்: 2011 கணக்கெடுப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு நாட்டின் தலைநகரே அந்நாட்டின் பெருநகராகவும் விளங்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பாகும். கரீபியன் நாடுகளுள் கியூபாவின் ஹவானா, ஜமைக்காவின் கிங்ஸ்டன், பார்படோசின் பிரிட்ஜ்டவுன் ஆகியன இதற்கு இயைந்து நிற்கின்றன. டிரினிடாட் – டொபேகோ இவ்வெதிர்பார்ப்பிற்குள் அடங்குவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வாழ்ந்தோர் 37,074 பேர். தென்பகுதியின் முதன்மை நகரான சான் பெர்னாண்டோவில் 48,838 பேர். நடுப்பகுதியில் அமைந்த சகுவானாசில் 83,516 பேர். தலைநகரைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த சகுவானாஸ் அக்காலத்தில் சட்டப்படி மாநகர்த் தகுதியும் பெற்றிருக்கவில்லை. ‘பரோ’ எனப்படும் அடுத்தநிலைத் தகுதியே அதற்கு இருந்தது. இம்முரண் தோன்றிய விதத்தையும், இத்தரவுகள் தமிழர் புலப்பெயர்வு ஆய்வுக்கு எந்த அளவு துணைசெய்யும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மக்கள்தொகைப் பகுப்பு

இக்கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 13,28,019. இதில் டொபேகோத் தீவின் பங்கு 60,874. அதாவது ஐந்து விழுக்காட்டிற்கும் குறைவு. 1889இல் பிரித்தானிய ஆட்சி இவ்விரு தீவுகளையும் ஒரே குடியேற்ற நாடாக இணைத்தது. மக்களுள் இந்திய வம்சாவளியினர் 35.4 விழுக்காட்டினர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34.2 விழுக்காட்டினர், கலப்பு மரபினர் 22.8 விழுக்காட்டினர். எவ்வினமும் பெரும்பான்மை பெறாத இந்நிலைக்கு அடிமுறையும் அதன் ஒழிப்பைத் தொடர்ந்த ஒப்பந்தக் கூலிமுறையும் அடிப்படைகளாம். 1838இல் அடிமைகள் முழுவிடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்களில் ஆட்குறை நேர்ந்தது. 1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ‘ஃபாத்தல் ரசாக்’ என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரைக் கொணர்ந்தது. 1917 வரை வந்தவர்களின் தொகை ஏறத்தாழ 1,44,000.

நகரங்களின் வளர்ச்சியும் தேய்வும்

ஸ்பானியர் 1592இல் நிறுவிய சான் ஹோசே தே ஒருஞாவே, இன்று செயின்ட் ஜோசப் எனப்படும் ஊரே, முதல் தலைநகர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்சியிருக்கை துறைமுகத்திற்கு நகர்ந்தது. 1783ஆம் ஆண்டின் ஸ்பானிய அரசாணை பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளையும் அவர்தம் அடிமைகளையும் ஈர்த்ததனால் துறைமுக நகர் விரிந்தது. 1797இல் தீவு பிரித்தானியர் கைக்குச் சென்றது.

சகுவானாசின் வரலாறு வேறானது. பழங்குடியினர் ஒரு பிரிவாரின் பெயரைத் தாங்கிய இவ்வூர் கரோனிச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களுக்கிடையே சந்தையூராக எழுந்தது. ஒப்பந்தம் முடித்த இந்தியர்க்கு, தாயகம் திரும்பும் உரிமையைக் கைவிட்டால் நிலம் வழங்கும் நடைமுறை 1869இல் தொடங்கிற்று. திரும்பாதோர் தோட்டங்களை அடுத்தே ஊர்களை அமைத்துக் குடியேறினர். வி. எஸ். நைபால் 1932இல் பிறந்தது இவ்வூரிலேயே. அவரது ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ (1961) புதினத்தில் வரும் அனுமன் இல்லத்திற்குச் சகுவானாசின் ‘சிங்க இல்லம்’ முன்மாதிரியாகும். அப்புதினத்தின் நாயகன் கரும்புப் பகுதியிலிருந்து தலைநகரை நோக்கிச் செல்கிறான். பிற்காலப் பெயர்வோ இதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 1970களின் எண்ணெய் வருவாய், வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை, நடுப்பகுதியின் சமதள நிலம் ஆகியவை சேர்ந்து குடியிருப்புகளைச் சகுவானாஸ் பக்கம் இழுத்தன. 1990இல் அது ‘பரோ’ ஆயிற்று. 2000க்கும் 2011க்கும் இடையில் தலைநகர் தன் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரை இழந்தது; அதே இடைவெளியில் சகுவானாஸ் அதற்கு ஒத்த விழுக்காட்டில் வளர்ந்தது.

எனினும் இவ்வெண்களை அப்படியே ஒப்பிடுதல் பிழையான முடிவிற்கு இட்டுச்செல்லும். தலைநகரின் சட்ட எல்லை ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். சகுவானாசின் எல்லையோ ஏறத்தாழ 59. மக்களடர்த்தியில் சகுவானாஸ் தலைநகரில் ஏறத்தாழ பாதியே. மேலும், மேற்கே தியேகோ மார்ட்டின் தொடங்கி லவென்டில், சான் ஹுவான், துனாபுனா வழியாகக் கிழக்கே அரிமா வரை நகர்ப்புறம் இடையறாது நீள்கிறது. கணக்கெடுப்பில் இவை தனித்தனி ஆட்சிப்பகுதிகள். துனாபுனா – பியார்கோ வட்டாரம் மட்டுமே 2,15,119 பேரைக் கொண்டது. பகலில் பணிக்கு வருவோரும் தலைநகரின் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே சகுவானாஸ் ‘மிகப்பெரிய நகர்’ என்னும் கூற்று எல்லைக்கோட்டளவில் மெய், நகர்ப்பரப்பளவில் அன்று. பிற நகரங்களுள் அரிமா (33,606), எண்ணெய்த் தொழிலால் உருவான பாயின்ட் ஃபோர்ட்டின் (20,235) ஆகியன குறிப்பிடத்தக்கவை.

தமிழாய்வு நோக்கில்

கணக்கெடுப்பிலுள்ள இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 4.7 இலட்சம் பேரும் ஒரே வகையாகவே பதிவாகியுள்ளனர். தாயகத்து மொழியோ புறப்பட்ட துறைமுகமோ அதில் இடம்பெறவில்லை. ஒப்பந்தத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தினின்று வந்த போஜ்புரி, அவதி பேசுவோர். சென்னைத் துறைமுகத்தினின்று வந்தோர் சிறுபான்மையர். அச்சிறுபான்மையருள்ளும் தமிழரோடு தெலுங்கரும் இருந்தனர். தீவில் இவ்விரு சாராரும் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டனர். எனவே மேற்குறித்த தொகையிலிருந்து தமிழ் வழித்தோன்றல்களின் எண்ணிக்கையைக் கணித்தல் இயலாது. அங்ஙனம் கூறப்படும் எண்களை ஆய்வாளர் ஐயத்தோடு அணுகுதல் வேண்டும். மதராசி மரபோடு தொடர்புற்ற காளி வழிபாட்டை அளவுகோலாகக் கொள்வதும் பொருந்தாது. வட இந்திய, ஆப்பிரிக்க வழியினரும் இன்று அவ்வழிபாட்டில் கலந்துகொள்கின்றனர்.

எண்கள் காட்டாததை இடப்பெயர்கள் ஓரளவு காட்டுகின்றன. தலைநகரோடு 1938இல் இணைக்கப்பட்ட செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் கல்கத்தா, பம்பாய், தில்லி, லக்னோ என்னும் தெருப்பெயர்களோடு மதராஸ் தெருவும் உள்ளது. சகுவானாசை அடுத்த குனுபியாவில் ‘மதராஸ் செட்டில்மென்ட்’ என்னும் குடியிருப்பு உண்டு. முத்து, முனுசாமி என்பன ‘மூட்டூ’, ‘மூன்சாமி’ எனத் திரிந்து குடும்பப் பெயர்களாக நிலைத்துள்ளன. தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடுகள், நிலப்பதிவுகள், கப்பற் பயணியர் பட்டியல்கள் ஆகியவற்றில் இப்பெயர்த்திரிபுகளை ஊர்வாரியாகத் தொகுக்கும் பணியே அடுத்து நிகழவேண்டியது. அதற்குக் குனுபியா ஏற்ற தொடக்கக் களமாகும்.