மாம்பலகையில் ஒரு பூட்டு

உட்காருங்க தம்பி, டீ வரட்டும். ஸ்க்ரோல் சா வாங்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வாங்கலாம். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் பிளேடைப் பற்றிப் பேசிவிடுவோம். இந்த வேலையில் பாதிப் படிப்பு அதில்தான் இருக்கிறது.

மெஷின் எளிமையானது. சின்ன மேஜை, அதற்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டுக்கும் நடுவே ஐந்து அங்குல நீளத்தில் மெல்லிய பிளேடு. மோட்டார் ஓடினால் அது மேலும் கீழும் போய்வரும். சாதாரண மெஷினில் நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிளேடு நின்ற இடத்தில் நிற்கும், பலகையை நாம்தான் திருப்ப வேண்டும். தையல் மெஷினில் ஊசிக்கடியில் துணியைத் திருப்புகிற மாதிரி. அதனால் தையல் பழகிய கை இந்த வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இதற்குத் தாயான கருவி நம் ஊரிலேயே இருக்கிறது. நகைப் பட்டறையில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வில் மாதிரி வளைந்த சட்டத்தில் நூல்போல ஒரு பிளேடைக் கட்டி, தகட்டில் பூவேலை அறுப்பார்கள். பல்லெல்லாம் கீழ்நோக்கி இருக்கும். கீழே இழுக்கும்போதுதான் வெட்டு விழும். பிளேடில் அவ்வப்போது மெழுகு தேய்ப்பார்கள். மைசூரில் ஈட்டி மரத்தில் வண்ண மரத்துண்டுகளைப் பதித்துப் படம் செய்கிறவர்களும் இதே குடும்பத்து வில்லைக் கொண்டுதான் ஒவ்வொரு துண்டையும் அறுத்தெடுத்தார்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் உலகப் படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்துப் பிள்ளைகளுக்கு விற்றார். ஜிக்சா புதிர் அங்கிருந்துதான் வந்தது. மோட்டார் எல்லாம் பின்னால் வந்த வசதி.

அதனால் என் யோசனை, முதலில் கைவில் ஒன்று வாங்குங்கள். ஒரு பலகையில் ‘வி’ மாதிரி வெட்டி, மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன்மேல் வைத்து அறுத்துப் பழகுங்கள். கைவில்லில் பிளேடு முறுக்கினாலும் அழுத்தம் கூடினாலும் உடனே விரலுக்குத் தெரிந்துவிடும். மெஷினில் அது பிளேடு ஒடிந்த பிறகுதான் தெரியும்.

முதல் வேலையாக எதைச் செய்வது? திண்டுக்கல்காரர் நீங்கள், பூட்டையே செய்யுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டிப் பக்கம் பட்டறைகளில் அரத்தைப் பிடித்தே நெம்புகளுக்கும் சாவிக்கும் பொருத்தம் பார்க்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. மாங்காய்ப் பூட்டின் உருவத்தைக் காகிதத்தில் வரைந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு சாவி மாட்டியாகச் செய்யலாம். ஊர்ப்பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு உருவத்திலேயே இந்தத் தொழிலின் பாடம் எல்லாம் அடங்கிவிடுகிறது. வெளி விளிம்பில் பெரிய வளைவு, சாவித்துளையில் சின்ன வட்டமும் கூர்மூலையும், மேலே வளையத்துக்குள் இன்னொரு உள்வெட்டு.

பலகைக்கு வருவோம். எல்லோரும் தேக்கு கேட்பார்கள். தேக்குக்குள் மணல்சத்து உண்டு, பிளேடின் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். பழகும் காலத்தில் வேண்டாம். நத்தம் பக்கம் மாந்தோப்புகளில் காய்ப்பு நின்ற மரங்களை வெட்டுவார்கள். நன்றாகக் காய்ந்த மாம்பலகை மலிவு, பார்க்கவும் அழகு. பண்ணைக்காடு, தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக்கும் மென்மையாக அறுபடும். கடையிலேயே அரை அங்குலத்துக்கு இழைத்துத் தரச் சொல்லுங்கள். பச்சை மரத்தை மட்டும் தொடாதீர்கள். இந்த வறண்ட சமவெளிக் காற்றில் அது காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பூட்டின் வளையத்தை வரையும்போது மர நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். நார் மேல்கீழாக ஓடினால் வளையத்தின் இரண்டு கால்களும் வலுவாக இருக்கும், உச்சி பலவீனமாகிவிடும். அங்கே நார் வளையத்தின் குறுக்கே குட்டையாக அறுபட்டு நிற்கும், கீழே விழுந்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். நாரைப் பக்கவாட்டில் வைத்தால் உச்சி தப்பிக்கும், இரண்டு கால்களும் போகும். எனவே நாரை மேல்கீழாக வைத்து, உச்சியைத் தாராளமாகத் தடிப்பாக வரையுங்கள். மெல்லிய வளையம்தான் வேண்டும் என்றால் பிளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறி ஓடுவதால் எந்தப் பக்கமும் தாங்கும். ஆனால் அதன் பசையும் பிளேடைத் தின்னும்.

டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். படத்தைப் பலகையில் ஒட்டி, மேலே பார்சல் டேப் ஒட்டிவிடுங்கள். அறுக்கும்போது மரம் கருகுவது குறையும். அரை அங்குலப் பலகைக்கு 5ஆம் நம்பர் பிளேடு சரி. நம்பர் குறையக் குறைய பிளேடு மெலியும். சாவித்துளைக்குள் கழிவாகப் போகும் இடத்தில் டிரில் போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளை வழியாக விட்டு, மறுபடி மாட்டி இறுக்குங்கள். இறுக்கம் போதுமா என்று பார்க்க, மெஷினை நிறுத்திவிட்டுப் பிளேடை விரலால் சுண்டுங்கள். தெளிவாக ‘டிங்’ என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் பிளேடு தொய்ந்திருக்கிறது. வெட்டு உள்ளே வளைந்து, பலகையின் மேல்பக்கம் ஓர் உருவமும் அடிப்பக்கம் வேறோர் உருவமும் வரும்.

உள்வெட்டுகள் முதலில், வெளி விளிம்பு கடைசியில். சுற்றிலும் மரம் இருக்கும்வரை பிடிக்க இடம் இருக்கும், வளையமும் ஒடியாது. பலகையை இரண்டு கையாலும் மேஜையோடு அழுத்திப் பிடித்து, பிளேடு வெட்டுகிற வேகத்துக்கு மட்டும் முன்னே விடுங்கள். நேர்கோட்டில் விட்டாலும் வெட்டு ஒரு பக்கமாக விலகினால் பதறாதீர்கள். பல பிளேடுகளில் தயாரிக்கும்போதே ஒரு பக்கம் மெல்லிய பிசிறு நின்றுவிடும். பலகையைச் சில டிகிரி சாய்த்துவிட்டால் வெட்டு கோட்டில் வரும். மூலை வந்ததும் தள்ளுவதை நிறுத்துங்கள். பலகையை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்து, பல் இல்லாத முதுகுப் பக்கம் மரத்தில் படும்படி வைத்து, மெஷின் ஓட ஓடவே பலகையைச் சுழற்றுங்கள். பல் பக்கம் தள்ளிக்கொண்டே திருப்பினால் மூலை மழுங்கி வட்டமாகிவிடும்.

பிளேடு ஒடியும், அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. மழுங்கிய பிளேடை விடாமல் தள்ளுவதுதான் தப்பு. பலகை கருகினாலோ, தள்ளக் கை வலித்தாலோ மாற்றிவிடுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் உட்காராதீர்கள். இந்தத் தூள் மாவைவிட நைசு, எம்.டி.எஃப். பலகையின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தோளில் துண்டு தொங்கக் கூடாது.

பூட்டு ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்து வீட்டுப் பெயர்ப்பலகை. ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் மூலை திருப்பப் பழகிக்கொண்டு, பிறகு வ, ள, ண பக்கம் போங்கள். சுழியின் உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி டிரில் துளை வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தனியாக விழுந்துவிடும், அதை ஒரு டப்பாவில் பத்திரமாக எடுத்து வையுங்கள். எழுத்தைப் பின்பலகையில் ஒட்டும்போது பெவிகாலை ஊசிமுனையால் தொட்டு, புள்ளியைக் கடைசியாக வையுங்கள். பசை வெளியே பிதுங்கிவிட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காது.