பத்தாவது ஆள்

திருப்பதியில் ஒன்பது பேரை வைத்து உணவுச் சாலை நடத்தும் ஒருவர், பத்தாவது ஆளைச் சேர்க்கலாமா என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. பத்துப் பேர் ஆனவுடன் இ. எஸ். ஐ. எனப்படும் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸும் அவரைச் சாரும். இதனால் முதலாளிக்கு ஆகும் செலவு யாது? அது இறுதியில் யார் தலையில் விழுகிறது?

பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையே இத்திட்டத்தின் வித்து. 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அப்பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது.

1997 முதல் சம்பளத்தில் நூற்றுக்கு 4.75 முதலாளியின் பங்காகவும், 1.75 தொழிலாளியின் பங்காகவும் இருந்தன. 2019 ஜூலை 1 முதல் அவை 3.25, 0.75 எனக் குறைந்தன. மாதம் 12,000 ரூபாய் பெறுபவருக்காக முன்பு 570 ரூபாய் கட்டிய முதலாளி, புதிய விகிதத்தில் 390 ரூபாய் கட்டினால் போதும். தொழிலாளி தருவது 90 ரூபாய்.

விகிதம் சிறிதே. ஆனால் வாசற்படி உயரமானது. ஒன்பது பேர் உள்ளவரை நம் உணவுச் சாலைக்காரர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. பத்தாமவர் வந்ததும் பத்துப் பேருக்கும் சேர்த்து மாதம் 3,900 ரூபாய் கட்டவேண்டும். ஆகவே பத்தாவது ஆளுக்கு ஆகும் செலவு 12,000 அன்று, 15,900 ஆகும். பதினோராவது ஆளுக்கோ 12,390தான். படியேறத் தயங்குபவர் ஆளைச் சேர்க்காமல் விடலாம்; அல்லது பதிவேட்டில் எழுதாமல் வைத்துக்கொள்ளலாம். முன்னதில் ஒருவர் வேலை இழக்கிறார். பின்னது சட்டவிரோதம், அதில் பத்துப் பேரும் பாதுகாப்பை இழக்கின்றனர்.

செலவு கட்டாதவருக்குச் செலவே இல்லை என்று கொள்வதும் தவறு. சித்தூர்ப் பக்கத்துக்குப் பழக்கமான தொழில்களையே பாருங்கள். நிலக்கடலை உடைத்தல், வெல்லம் காய்ச்சுதல் ஆகியவற்றை மட்டும் செய்யும் பருவகாலத் தொழிற்சாலைகள் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே ஒருவர் இயந்திரத்தில் கையை இழந்தால் நஷ்டஈடு முதலாளியின் பையிலிருந்தே வரவேண்டும். திட்டத்துக்குள் இருப்பவருக்கு அப்பொறுப்பை இ. எஸ். ஐ. ஏற்றுக்கொள்கிறது. நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கும், மகப்பேற்றுக்கு 26 வார உதவித் தொகையும் அதுவே தருகிறது. எதிர்பாராத பெருஞ்செலவு, மாதந்தோறும் தெரிந்த சிறு செலவாக மாறுகிறது.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் இன்ஷூரன்ஸ் அளிக்கவேண்டும், இன்றேல் அபராதம் செலுத்த நேரிடும் என்கிறது. அங்கே பிரீமியம் சம்பளத்தின் விகிதமாக அமைவதில்லை. ஆகவே குறைந்த சம்பளக்காரரை வேலைக்கு வைப்பதே முதலாளிக்குப் பெரும் பாரமாகிறது. நம் முறையில் சம்பளம் குறைந்தால் கட்டணமும் குறையும். இது நம் முறையின் சிறப்பு.

இனி, பாரம் யார் தலையில்? முதலாளி தம் பங்கை அடுத்த சம்பள உயர்விலிருந்து பிடித்துக்கொள்ளக் கூடும் என்பது பொருளாதார அறிஞர் கருத்து. அப்படியானால் இரு பங்குகளையும் தருபவர் தொழிலாளியே. அதற்கு ஈடாக நல்ல சிகிச்சை கிடைத்தால் அவர் வருந்தமாட்டார். கிடைக்காவிட்டால் அது வெறும் சம்பளப் பிடித்தமாகும். திருப்பதியில் இ. எஸ். ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனால் நோய் தீரும் என்னும் நம்பிக்கை உள்ளவர், தம் பெயரைப் பதிவேட்டில் எழுதுமாறு தாமே கேட்பார். பத்தாவது ஆளின் பெயரை ஏட்டில் ஏற்றுவதற்கு இன்ஸ்பெக்டரின் வருகையைவிட அந்நம்பிக்கையே வலிய துணையாகும்.