லத்தினோ மாணவரும் பொறியியல் கல்வியும்: ஆர்வத்திற்கு முன்னும் பின்னும்

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து அமெரிக்காவில் குடியேறியோரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பொதுவாக லத்தினோ மக்கள் எனப்படுகின்றனர். அந்நாட்டில் வேலைபார்ப்போரில் இவர்கள் 17 விழுக்காடாக இருந்தும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த பணிகளில் 8 விழுக்காடே உள்ளனர் என்று ப்யூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. இளையோரிடம் ஆர்வத்தைத் தூண்டிவிட்டால் இந்த இடைவெளி குறையும் என்ற நம்பிக்கையில் சாதனையாளர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துப் பேசவைப்பது வழக்கமாகிவிட்டது.

அத்தகைய சாதனையாளருள் ஒருவர் விண்வெளி வீரர் ஹொசே ஹெர்னாண்டஸ். அறுவடைக் காலந்தோறும் பண்ணை பண்ணையாக இடம்பெயர்ந்து உழைத்த மெக்சிகோவழிக் குடும்பத்தில் 1962இல் பிறந்த அவர், பள்ளியிறுதி ஆண்டில் வயலில் களைகொத்திக்கொண்டிருந்தபோது, கோஸ்டாரிகாவில் பிறந்த ஃபிராங்க்ளின் சாங் டியாஸை நாசா விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்த செய்தியை வானொலியில் கேட்டு, தாமும் விண்வெளிக்குச் செல்ல உறுதிகொண்டார். பின்னர் மின்பொறியியல் படித்து, நாசாவால் பதினொரு முறை நிராகரிக்கப்பட்டு, 2009இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் பறந்தார். அச்செய்தி அவருக்குப் பயன்பட்டதென்றால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டாம் வகுப்பு ஆசிரியை வீடு தேடிச் சென்று பெற்றோரிடம் பேசியதால், அக்குடும்பம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் நிலையாகத் தங்கிப் பிள்ளைகளின் படிப்பு அறுபடாமல் தொடர்ந்திருந்ததே அதற்கு முதற்காரணம்.

பொறியியல் கல்விக்கு இத்தொடர்ச்சி மிகவும் இன்றியமையாதது. மாறிக்கொண்டேயிருக்கும் அளவுகளைக் கணக்கிட உதவும் நுண்கணிதம் இல்லாமல் முதலாண்டு இயற்பியலையோ மின்சுற்றுப் பாடத்தையோ கற்க இயலாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலேயே இயற்கணிதத்தை முடிக்காத மாணவர் பள்ளியிறுதிக்குள் நுண்கணிதத்தை எட்டுவதும் அரிது.

பொலிவியாவிலிருந்து வந்த ஆசிரியர் ஹைமே எஸ்கலான்டே இதை நன்கு உணர்ந்திருந்தார். மெக்சிகோவழி உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பெருமளவில் படித்த கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 1974இல் அவர் பணியில் சேர்ந்தார். அவருடைய மாணவர் 18 பேர், 1982இல், கல்லூரித் தரத்தில் அமைந்த நாடளாவிய நுண்கணிதத் தேர்வில் தேறினர். விடைத்தாள்களில் ஒற்றுமை கண்ட தேர்வு அமைப்பு 14 பேர்மீது ஐயுற, மறுதேர்வு எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினர். இதை 1988இல் திரைக்குக் கொண்டுவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ அந்த வெற்றியை ஒரே வகுப்பின் குறுகியகால அற்புதம்போலக் காட்டிவிட்டது. திரைப்படத்திற்கு அது வசதி. உண்மையில் அவருடைய முதல் நுண்கணித வகுப்பு 1978இல் ஐந்தே மாணவருடன் தொடங்கியது. கீழ்வகுப்புக் கணிதப் பாடங்களைச் சீரமைத்தும், அருகிலிருந்த கல்லூரியில் கோடை வகுப்புகள் நடத்தியும், தலைமையாசிரியர், சக ஆசிரியர்கள் ஆகியோரின் துணையோடும் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததன் பயனாக, 1987இல் எண்பதுக்கும் மேற்பட்டோர் தேறினர். 1991இல் அவர் விலகியபின் அந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஏற்பாடு ஒரு சிலரையே நம்பியிருந்ததன் விளைவு அது.

படிப்பில் தேறியோருக்கும் வேறு தடைகள் உண்டு. 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த நீரடி ரோபோ போட்டியில், பி.வி.சி. குழாய்களைக் கொண்டு ரோபோ செய்த அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக அணியையும் முந்தி முதலிடம் பெற்றனர். குடியேற்ற ஆவணம் இல்லாத அவர்களுக்கு ஆர்வமூட்ட எவரும் தேவைப்படவில்லை. ஆயினும், ஆவணமற்ற மாணவர் மாநிலவாசிகளுக்குரிய குறைந்த கட்டணத்தில் பொதுப் பல்கலைக்கழகங்களில் படிப்பதை அரிசோனா வாக்காளர்கள் 2006இல் தடைசெய்தனர். அந்நால்வருள் ஒருவர் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று, குடியேற்ற நிலையை முறைப்படுத்திக்கொள்ள மெக்சிகோ சென்றபோது, அமெரிக்கா திரும்பப் பத்தாண்டுத் தடைக்கு உள்ளானார். அத்தடை 2010இல் விலக்கப்பட்டது. அரிசோனாவில் உயர்நிலைப் பள்ளியை முடித்த ஆவணமற்ற மாணவருக்குக் குறைந்த கட்டணம் கிடைக்க 2022இல்தான் வாக்காளர்கள் வழிவிட்டனர்.